இலவச விஆர் (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும்) செயலிகளில் அதிக நட்சத்திரம் பெற்றவற்றை மட்டும் இறக்கினால் போதுமா?

கைபேசியைச் செருகிப் பார்க்கும் வகை ஹெட்செட்டை வாங்கிவிட்டு, இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் நட்சத்திர வரிசையில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் போதாது. அந்த நட்சத்திரங்களில் பாதி, செயலிக்கு அல்ல, கைபேசிக்குக் கிடைத்தவை. எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கைபேசியைச் செருகும் அட்டை ஹெட்செட்டான கூகுள் கார்ட்போர்டு 2014இல் வந்த பிறகு, கோள்களைச் சுற்றிப் பார்க்கும் சிறு செயலி ஒன்றை நானும் செய்து வெளியிட்டேன். கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. வந்து குவிந்த ஒற்றை நட்சத்திரங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்: "தலையைத் திருப்பினால் படம் திரும்பவில்லை." தலை திரும்புவதைச் சரியாக உணரக் கைபேசியில் ஜைரோஸ்கோப் என்னும் உணரி வேண்டும். விலை குறைந்த பல கைபேசிகளில் அது கிடையாது. என் செயலியின் விவரக்குறிப்பில் முதல் வரியே ஜைரோஸ்கோப் வேண்டும் என்பதுதான், யார் படித்தார்கள்? (அலுவலகத்திலும் இதே கதைதான். நேரத்தைத் தலைப்பிலேயே போட்டு மின்னஞ்சல் அனுப்பினாலும், "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று இருக்கையைத் தேடி வந்து கேட்கிறார்கள். கேட்பவருக்குச் சம்பளம் என்னைவிட அதிகம்.)

"ஜைரோஸ்கோப் இல்லாத கைபேசிகளுக்குச் செயலி தெரியாதபடி செய்திருக்கலாமே" என்று கிளம்புவீர்கள். அதையும் செய்தேன். பழைய நட்சத்திரங்கள் அப்படியே நின்றன. புதிய மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை தரும் முறையை கூகுள் 2019இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் புதிதாக மதிப்பிட ஆள் வர வேண்டுமே! 2021இல் கூகுளே கார்ட்போர்டு விற்பனையை நிறுத்திவிட்டது.

மெட்டாவின் குவெஸ்ட் போல, கைபேசியைச் செருகாமலே இயங்கும் தனி ஹெட்செட் என்றால் நிலைமை மேல். எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கருவி என்பதால் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் பொருள் உண்டு. அங்கேயும் பிரபலத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2021இல் வந்த கொரில்லா டேக் இலவசம்; சிறுவர்கள் மொய்க்கும் விளையாட்டு. அதில் கால்களே கிடையாது, கையால் தரையைத் தள்ளித்தான் நகர வேண்டும்; சிலருக்கு அது தலைசுற்ற வைக்கும். அவர்கள் மகிழ்ந்து கொடுத்த ஐந்து நட்சத்திரம், எளிதில் தலைசுற்றும் ஒருவருக்கு எதையும் சொல்லாது.

ஒற்றை நட்சத்திரக் கருத்துகளை முதலில் படியுங்கள், அதுவும் அண்மையில் எழுதியவற்றை. கருவியைப் பற்றிய புலம்பல் என்றால் தள்ளிவிடலாம். தலைசுற்றல், நடுவில் பாயும் விளம்பரம் என்றால் நம்புங்கள். உங்கள் கைபேசி எந்த மாடல் என்று கேள்வியில் இல்லை. அதைச் சேர்த்தால், ஜைரோஸ்கோப் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.