பிரஷ்ய மன்னர் பெயர் இருக்கிறது, பாட்டன் ஊர் இல்லை! – வம்சாவளி கேள்வி-பதில்

கேள்வி: என் மருமகன் இண்டியானா மாநிலத்தில் ஆலன் கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). அவருடைய முப்பாட்டனார் 1850-களில் ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே விவசாயம் பார்த்தவராம். பேரனுக்காக வம்சவிருட்சம் எழுதுகிறோம். எங்கள் பக்கம் ஊர், தெரு வரை சொல்லிவிட்டேன். அவர்கள் பக்கம் ‘ஜெர்மனி’ என்பதோடு நின்றுவிட்டது. குடியுரிமைப் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். அதிலும் ஊர்ப்பெயர் இல்லை. இனி எங்கே தேடுவது?
– வாசகி, ஃபோர்ட் வெய்ன்

பதில்: அந்தப் பத்திரத்தில் ஊர்ப்பெயர் இருந்திருந்தால்தான் ஆச்சரியம், அம்மா. 1906 செப்டம்பர் வரை குடியுரிமை கொடுக்கும் வேலையை உள்ளூர் நீதிமன்றங்களே பார்த்தன. படிவமும் அவரவர் இஷ்டம். பிரஷ்யா அன்றைய ஜெர்மன் ராஜ்யங்களில் ஒன்று. ‘பிரஷ்ய மன்னருக்கு இனி நான் பிரஜை இல்லை’ என்று சத்தியம் வாங்கினால் முடிந்தது. மன்னர் யார் என்பது முக்கியம். குடியானவன் எந்த ஊர் என்று யார் கேட்டார்கள்?

இண்டியானாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த மாநிலத்தின் 1851 அரசியல் சட்டப்படி, குடியுரிமை பெற உத்தேசம் என்று ‘முதல் பத்திரம்’ எழுதிக் கொடுத்து, நாட்டில் ஒரு வருடம் இருந்துவிட்டால் வெளிநாட்டு ஆண்களும் ஓட்டுப் போடலாம். 1921 வரை இது நீடித்தது. ஓட்டு கிடைத்த பிறகு குடியுரிமையை முடிக்கும் இரண்டாவது பத்திரத்துக்கு எதற்கு அலைய வேண்டும் என்று விட்டவர்கள் உண்டு. மனைவி பெயரில் தனிப் பத்திரம் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் புருஷன் குடிமகனானால் அவளும் குடிமகள்தான்.

ஊர்ப்பெயருக்கு என் முதல் யோசனை சர்ச் பதிவேடு. ஃபோர்ட் வெய்னில் செயின்ட் பால்ஸ் லூத்தரன் சபை 1837-லேயே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கர்களும் கிட்டத்தட்ட அதே காலத்தில் காலூன்றினார்கள். ஜெர்மன் பாதிரியார்கள் எழுதிய கல்யாணம், அடக்கம் பற்றிய குறிப்புகளில் பல இடங்களில் பிறந்த கிராமம் வரை இருக்கும். எந்தச் சர்ச் என்று தெரியாவிட்டால் குறுக்கு வழி இருக்கிறது. கவுண்டி கிளார்க்கிடம் உள்ள கல்யாணப் பதிவைப் பாருங்கள். கல்யாணத்தை நடத்தி வைத்தவர் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பாதிரியார் பெயரைப் பழைய நகர டைரக்டரியில் (ஊர்க்காரர்களின் பெயர், தொழில், விலாசம் அச்சிட்ட புத்தகம்) தேடினால் அவர் எந்தச் சபை என்று வந்துவிடும். சர்ச்சுக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். வருடத்தையும் பெயரையும் குறிப்பிட்டு, ஒரே ஒரு பதிவு மட்டும் கேளுங்கள். ‘எங்கள் வம்சம் பூரா வேண்டும்’ என்றால் பதில் வராது.

பதிவேடு ஜெர்மனில், அதுவும் பழைய கூரெண்ட் கையெழுத்தில் இருக்கும். ‘e’, ‘n’ இரண்டும் அதில் ஒரே ஜாடை. இன்றைய ஜெர்மானியர்களே திணறும் எழுத்து, மருமகனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் மாதப் பெயர்களையும் குடும்பப் பெயரையும் அடையாளம் கண்டு, அந்த எழுத்துகளை வைத்து மற்றதை மெல்லப் படிக்கலாம். ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பல சமயம் ஒரே கிராமத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள். அந்த முப்பாட்டனார் பதிவில் ஊர் இல்லாவிட்டாலும் அவர்கள் பதிவில் மாட்டும்.

கேள்வி: இதற்கெல்லாம் வம்சாவளி இணையதளங்களுக்கு மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: நீங்கள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! ஆலன் கவுண்டி பொது நூலகத்தின் வம்சாவளி மையம், அமெரிக்கப் பொது நூலகங்களில் இத்துறைக்கு உள்ள மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று. 1961-ல் தொடங்கியது. வெளி மாநிலத்துக்காரர்கள் ஓட்டல் அறை எடுத்துத் தங்கி வந்து பார்க்கிற இடம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் ஆன்செஸ்ட்ரி தளத்தின் நூலகப் பதிப்பை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். உள்ளூர் வரலாற்றுச் சங்க இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு ‘பெர்சி’ என்ற அட்டவணையை உருவாக்கியதும் அவர்கள்தான். பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்க்கும் ஃபேமிலிசெர்ச் தளமும் இலவசம். முதலில் இவற்றைப் பார்த்து முடியுங்கள், சந்தாவைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: 1880 மக்கள்தொகைக் கணக்கில் கணவன், மனைவி இருவரும் இருக்கிறார்கள். 1900-ல் மனைவி மட்டும் விதவையாக. 1890 கணக்கு எங்கே கிடைக்கும்?
– வாசகர், சிகாகோ

பதில்: கிடைக்காது, தம்பி. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. நெருப்பும் தண்ணீரும் நாசம் செய்தவை போக மிஞ்சியதையும் பிறகு அரசாங்கமே அழித்துவிட்டது. இன்று இருப்பது சில துண்டுகள்.

அவர்கள் நகரத்தில் இருந்திருந்தால் டைரக்டரியை வருடா வருடம் புரட்டுங்கள். கணவர் பெயர் மறைந்து, அதே விலாசத்தில் மனைவி ‘இன்னாருடைய விதவை’ என்று எந்த வருடம் வருகிறாரோ, அதை ஒட்டித்தான் சாவு. கிராமத்தில் இருந்திருந்தால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்து நிலப் பத்திரங்கள். அப்பா செத்த பிறகு பிள்ளைகள் சேர்ந்து நிலத்தை விற்றால், அந்த ஒரு பத்திரத்தில் எல்லாப் பிள்ளைகள் பெயரும், கட்டிக்கொடுத்த பெண்களின் புகுந்த வீட்டுப் பெயரும், மாப்பிள்ளைகள் கையெழுத்தும் வரிசையாக வரும். காணாமல்போன அத்தைகளை எல்லாம் நான் இப்படித்தான் பிடித்திருக்கிறேன். இண்டியானா என்றால் சாவுப் பதிவு 1882-ல் கவுண்டி சுகாதார அலுவலகங்களில் தொடங்குகிறது; ஆனால் ஆரம்ப வருடங்களில் விட்டுப்போனவை நிறைய. பெயர் இல்லை என்பதற்காக ஆள் சாகவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.