காய்ந்த துடுப்பிலிருந்து சுறாவின் இனம் தெரியுமா?

கேள்வி: உடல் இல்லாமல் வெறும் காய்ந்த துடுப்பை வைத்து, அது எந்தச் சுறா என்று மரபணுச் சோதனையில் சொல்ல முடியுமா? மாதிரியை எப்படி எடுப்பது?

பதில்: முடியும். துடுப்பின் ஓரத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டு போதும். அதை 95 சதவீத எத்தனாலில், துண்டைப்போல் பத்து மடங்கு திரவத்தில் போடுங்கள். பெரிய துண்டாக, அதுவும் பச்சைச் சதையாகப் போட்டால், அதிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்து டிஎன்ஏ சிதைந்துவிடும். ஃபார்மலின் கூடவே கூடாது. அது டிஎன்ஏவைப் பிணைத்து முறித்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப் பிளேடு எடுங்கள். இதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். முந்தைய துண்டின் துகள் ஒட்டியிருந்தால் முடிவே மாறிவிடும்.

வழக்கமாக, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் (இனத்துக்கு இனம் மாறுபடும் மரபணு) சுமார் 650 காரஇணைகளைப் படிப்பார்கள்; காரஇணை என்பது டிஎன்ஏவின் ஓர் எழுத்து போன்றது. வெளுத்து, வேகவைத்த துடுப்பில் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும்; அப்போது 200 காரஇணைகளுக்கும் குறைவான குட்டிப் பகுதியைத்தான் நம்ப வேண்டும். நெருங்கிய இனங்களை அது பிரித்துக் காட்டாமல் போகலாம்.

இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. ஆஸ்திரேலியக் கடலில் கண்டறியப்பட்ட கருமுனைச் சுறாக் கலப்பினங்கள் இந்தச் சோதனையில் தாயின் இனமாகவே தெரியும். கலப்பை அறிய, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் (அனுமதியுடன் மட்டுமே வணிகம்) 2013இல் சேர்ந்த கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) இனங்களின் துடுப்பு பிடிபட்டால், வழக்கு நிற்பதற்கு இத்தகைய முடிவு பெரும் பலம்.