இரண்டு ஊர், இரண்டு கல்லூரி: பகுதிநேர ஆசிரியர்களின் கேள்விகள்

வாரத்தில் மூன்று நாள் கும்பகோணம், இரண்டு நாள் மன்னார்குடி என்று பஸ்ஸில் ஓடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆசிரியர் சங்கத்தில் இருந்தபோது நேரில் பார்த்தவற்றை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கும்பகோணம்: ஒரு கல்லூரியில் 9,000, இன்னொன்றில் 8,000. கூட்டினால் பி.எஃப். சம்பள வரம்பான 15,000-ஐத் தாண்டுவதால் பி.எஃப். கிடையாது என்கிறார்கள்.

தவறு. இரண்டு சம்பளத்தையும் கூட்டி உங்களை விலக்க முடியாது. பகுதிநேரம் என்பதும் காரணமாகாது. ஏற்கெனவே உறுப்பினர் என்றால், சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் தொடர்வீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே யூஏஎன் எண்ணை, அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம், வருமான வரி எந்தக் கணக்கில் பிடிக்கப்படுகிறது என்று பாருங்கள். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்தால், நீங்கள் ஊழியரே இல்லை என்று கல்லூரி காகிதத்தில் எழுதிவிட்டது என்று பொருள். நாளைக்கு பி.எஃப். கேட்டால் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள். நியமன ஆணையைக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: பஸ் செலவு கேட்கலாமா?

ஆணையில் எழுதியிருந்தால் மட்டும்.

மயிலாடுதுறை: சேரும்போது அசல் சான்றிதழ் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகல் கொடுங்கள். அசல் அவர்கள் பீரோவில் இருந்தால் வேறு கல்லூரிக்குப் போக முடியாமல் நிற்பீர்கள்.

நாகப்பட்டினம்: மே மாதச் சம்பளம் தரவில்லை. தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா?

ஆசிரியர் சட்டப்படி 'தொழிலாளர்' அல்ல என்று 1988-இலேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அந்த வழி உங்களுக்கு இல்லை. தஞ்சாவூரில் உள்ள கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆனால் உங்கள் ஆணையில் பாடவேளைக்கு இவ்வளவு என்று இருந்தால், மே மாதத்துக்குக் கேட்பது கஷ்டம்.

திருவாரூர்: நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் தேறாமல் மணிக்கணக்குக் காசுக்கு வருகிறவர்களால்தான் எங்கள் ஊதியம் ஏறவில்லை.

பட்டுக்கோட்டை: நான் முனைவர் பட்டம் பெற்றவன். எனக்கும் மணிக்கணக்குக் காசுதான். என்னையா சொல்கிறீர்கள்?

இருவரும் நிறுத்துங்கள். இந்தச் சண்டைக்கு மட்டும் பதினாறு கடிதங்கள் வந்துவிட்டன. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய் என்று 2023-இல் ஆனது, அதுவும் 11 மாதத்துக்கு. ஆனால் இப்படிப்பட்ட கௌரவ ஆசிரியருக்கு ஒரு பாடவேளைக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த ஆசிரியர்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2018-இன் யுஜிசி விதி சொல்கிறது. திருவாரூர்க்காரரே, உங்கள் ஊதியத்தைப் பட்டுக்கோட்டைக்காரரா தீர்மானித்தார்? நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாதவர்களிடம் கேளுங்கள். தகுதி இல்லாதவரைச் சேர்த்திருந்தால் அதற்கும் நிர்வாகமே பொறுப்பு.

வேதாரண்யம்: இரண்டு கல்லூரி என்றால் பி.எஃப். உண்டா?

முதல் பதிலைப் படியுங்கள். இதையே ஐந்தாவது ஆளாகக் கேட்கிறீர்கள்.

குடவாசல்: அசல் சான்றிதழை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இன்றைக்கே பதிவுத் தபாலில் திருப்பிக் கேளுங்கள். அதே கடிதத்தில், சேர்ந்த தேதியும் வாரப் பாடவேளையும் உள்ள அனுபவச் சான்றிதழையும் கேட்டுவிடுங்கள். இன்னொரு கல்லூரியிலும் தனியாக ஒன்று வாங்குங்கள்.