பாட்டி படிவம் கேட்கவில்லையே

அன்புள்ள அக்கா,

எனக்கு 43 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். பதினாறு வருடம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. எண்ணெய் தேய்ப்பது எங்கள் வீட்டில் ஊறிப்போன பழக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டி தேக்காவில் வாங்கிய நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டோடு உச்சியில் வைத்துத் தேய்த்தால் கண் அப்படியே சொக்கும். அந்தக் கை எனக்கும் வந்திருக்கிறது என்று மாமியாரிலிருந்து பழைய அலுவலகத் தோழிகள்வரை சொல்கிறார்கள்.

இதையே தொழிலாகச் செய்யலாமே என்று விசாரித்தேன். ‘இந்தியன் ஹெட் மசாஜ்’ என்று ஒரு டிப்ளோமா இருக்கிறதாம், இங்கிலாந்துச் சான்றிதழாம். அறிமுக வகுப்புக்குப் போனால், இரண்டு மணி நேரமும் வாடிக்கையாளரிடம் படிவம் நிரப்பி வாங்குவதைப் பற்றியே பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. நம் வீட்டுச் சொத்தை நமக்கே விற்கிறார்கள். என் பாட்டி யாரிடமும் படிவம் கேட்கவில்லையே. சான்றிதழ் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே ஆரம்பித்தால் என்ன?

அப்பாவிடம் சொன்னபோது, “நம்ம குடும்பத்துப் பொண்ணு அடுத்தவன் தலையைத் தொட்டா பிழைக்கணும்?” என்றார். மசாஜ் என்றதும் தோழிகளும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்கள் எழுதுவதோடு இந்தத் தொழிலையும் செய்பவர். அதனால் கேட்கிறேன்.

— ஈசூன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டி படிவம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

பாட்டி எதற்குக் கேட்க வேண்டும்? யாருக்கு முந்தாநாள் காய்ச்சல், யார் குளியலறையில் வழுக்கி விழுந்தது, எந்த மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்தப் பேரன் தலையில் பேன், தாத்தா சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. ஒரு தலையில் கை வைக்கும்போது அந்தத் தலையின் முப்பது வருடக் கதை அவருக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு மூன்று நாள்கூட ஆகாத பிள்ளை வந்து உட்கார்ந்தால், “இன்னிக்கு வேணாம்டா” என்று கிண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவார். உங்கள் பாட்டியும் அப்படிச் சொல்லியிருப்பார், யோசித்துப் பாருங்கள். உங்களிடம் வரப்போகிறவரோ நீங்கள் லிஃப்டில்கூடப் பார்த்திராத ஆள். பாட்டி மனதில் இருந்ததைத்தான் அந்தப் படிவம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது.

எனக்கும் உங்கள் கோபம் இருந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனப் பெண்மணி. முதல் இரண்டு வகுப்பிலும் யார் தலையையும் தொட விடவில்லை. மண்டையோட்டு எலும்புகள், கழுத்தின் ஏழு முள்ளெலும்புகள், பிடரித் தசைகள், பிறகு யாரைத் தொடக் கூடாது என்ற பட்டியல். சிறு வயதிலிருந்தே எண்ணெய்க் கிண்ணத்தோடு வளர்ந்த எனக்கு இவர் என்ன சொல்லித் தரப் போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியின்போது வெவ்வேறு ஆட்களுக்குச் செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் புளோக்கில் கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர், பத்து வருடப் பழக்கம், ஆசையாக வந்து உட்கார்ந்தார். தெரிந்தவர்தானே என்று படிவத்தை அவரிடம் கொடுக்கவே இல்லை. எல்லாக் கேள்விக்கும் நானே ‘இல்லை’ என்று குறியிட்டேன். தோள், கழுத்து, தலை எல்லாம் நன்றாகவே போயிற்று. கடைசியில் முகத்துக்குச் செய்ய அவர் தலையைப் பின்னால் சாய்த்து என் மேல் தாங்கிக்கொண்டேன். “கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா” என்றார். முகம் வெளுத்துவிட்டது. மெல்ல நிமிர்த்தி உட்காரவைத்து, தெளிந்து பேசும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கழுத்தெலும்புத் தேய்மானம் அவருக்குப் பல வருடமாக இருந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தாளில் என் கையெழுத்தில் இருந்த ‘இல்லை’கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக, வலமும் இடமுமாக இரண்டு ரத்தக் குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. கழுத்தை அதிகமாகப் பின்னால் மடக்கினாலோ வெடுக்கென்று திருப்பினாலோ அவை அழுந்தலாம், கிழியவும் செய்யலாம். 1993ல் மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைச் சாய்த்துத் தலை அலசிக்கொண்ட பிறகு பக்கவாத அறிகுறிகளோடு வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். முடி திருத்தும் கடைகளில் கடைசியாகத் தாடையைப் பிடித்து ‘மடக்’கென்று நெட்டி எடுப்பார்களே, அதை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். வாடிக்கையாளரே கெஞ்சிக் கேட்பார். அப்போதும் வேண்டாம்.

தொடக் கூடாத இடங்களை நம் ஆட்களும் எண்ணி வைத்திருக்கிறார்கள். வர்ம ஆசான்கள் சொல்லும் 108 வர்மப் புள்ளிகளில் 25 தலை முதல் கழுத்துக்குள் அடங்கிவிடும். எங்கே தொட்டால் சுகம் என்பதோடு, எங்கே அடிபட்டால் ஆள் விழுவான் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த அறிவு ஆசானிடம் தங்கிவிட்டது, எண்ணெய்க் கிண்ணம் மட்டும் நம் வீட்டுக்கு வந்தது.

‘இங்கிலாந்துச் சான்றிதழ்’ என்கிறீர்கள். ஷாம்பு என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போனது. அமுக்கு, பிசை என்று பொருள்படும் ‘சாம்போ’ என்ற இந்திச் சொல் அது. 1759ல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்துக் கடற்கரை ஊரான பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடல்பிடிப்பும் சேர்த்து நடத்தி, இரண்டு மன்னர்களுக்கு ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ என்று பட்டம் வாங்கினார். நீங்கள் விசாரித்த வகுப்பின் வடிவமும் ஓர் இந்தியர் அமைத்ததுதான். நரேந்திர மேத்தா 1970களில் லண்டன் போனவர், கண்பார்வை இல்லாதவர். ஊரில் முடிதிருத்துபவர் தலையில் செய்துவிட்ட சுகம் அங்கே எங்கும் கிடைக்கவில்லை. அவரே அதைக் கட்டி எழுப்பி, தலையோடு நிறுத்தாமல் மேல்முதுகு, தோள், கை, கழுத்து, முகம் என்று விரித்து, வரிசைப்படுத்திக் கற்றுக்கொடுத்தார். அந்த வரிசையைத்தான் நீங்கள் காசு கொடுத்துக் கற்கப் போகிறீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அந்த வரிசையில் அர்த்தம் இருக்கிறது. நம் பாட்டிமார் நேரே உச்சிக்குப் போவார்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் நாள் முழுக்கக் கணினி முன்னால் குனிந்து இருக்கும் பெண்ணுக்கு வலி உச்சியில் உணரப்பட்டாலும் முடிச்சு தோளில் இருக்கும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைப் பிடரியும் தோளும் முன்னுக்கு இழுத்துப் பிடித்தபடி எட்டு மணி நேரம் இருந்திருக்கின்றன. தோள்பட்டையை இளக்காமல் தலையில் எவ்வளவு தேய்த்தாலும் பாதி வேலைதான். முதுகு தாழ்ந்த நாற்காலியில், உடுத்திய உடையோடு, பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல் செய்வது. மதிய இடைவேளையில் வருகிறவர் எண்ணெய்த் தலையோடு அலுவலகம் திரும்ப முடியாது. எண்ணெய் கேட்பவருக்கு ஒவ்வாமையைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். நல்லெண்ணெயும் பாதாம் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. கடுகெண்ணெய் சிலருக்கு எரியும்.

வகுப்பு தராத ஒன்றும் இருக்கிறது. அது உங்கள் பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்துவிட்டது. எண்ணெயைப் புறங்கையில் தொட்டுச் சூடு பார்ப்பது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாத வேகம், தேய்க்கப்படுபவர் மூச்சு மாறும்போது கையும் தானாக மெதுவாவது. என்னோடு படித்த ஒருவர் எல்லா அசைவையும் பிழையில்லாமல் செய்வார். அவர் கையில் உட்கார்ந்திருக்க முடியாது, மாவு பிசைகிறவர் மாதிரி இருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று: வீட்டில் வாரத்துக்கு இரண்டு தலை, தொழிலில் ஒரு நாளைக்கே ஐந்தாறு தலை. கட்டைவிரல் மூட்டுதான் முதலில் போகும். எனக்கு ஒரு முறை மணிக்கட்டு வீங்கி இரண்டு மாதம் சீப்புகூடப் பிடிக்க முடியவில்லை. விரலால் அழுத்தாமல் உடல் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும், முழங்கையையும் உள்ளங்கை அடியையும் பயன்படுத்த வேண்டும், நாற்காலி உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும். சான்றிதழுக்கு நான் தரும் மதிப்பில் பாதி இந்தத் திருத்தத்துக்கு.

வீட்டில் ஆரம்பிப்பது பற்றி. வேண்டாம், இப்போதைக்காவது. எதிர்வீட்டில் கேக் சுட்டு விற்கிறார்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே மசாஜ் நிலையம் நடத்தக் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். 2018 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் நடத்தினால் முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். விதிவிலக்குகள் சில உண்டு. உங்களுக்கு அவை பொருந்துமா என்பதைக் காவல்துறையின் உரிமப் பிரிவிடமும், வீட்டைப் பொறுத்தவரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோழி சொன்னாள், கடைக்காரர் சொன்னார் என்று இறங்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் உரிமம் உள்ள இடத்தில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். பலவிதத் தலை கையில் வரும். ஆண் வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் சேரும் முன்பே சொல்லிவிடலாம்.

பணம்: பயிற்சிக்கு அரசு பணம் போடும் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 2016ல் வந்த 500 வெள்ளி மிச்சம் இருக்கலாம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் சேர்த்த 4,000 வெள்ளி தேர்ந்தெடுத்த சில வகுப்புகளுக்கு மட்டுமே. வெளிநாட்டு டிப்ளோமா என்றாலே அந்தப் பட்டியலில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், கட்டும் முன் பார்த்துவிடுங்கள். நாளை விளம்பரம் போடும்போதும் ஒரு வார்த்தை: முடி வளரும், ஒற்றைத் தலைவலி குணமாகும், சக்கரங்கள் திறக்கும் என்றெல்லாம் போடாதீர்கள். இறுகிய தசை இளகும், ஒரு மணி நேரம் மனம் அடங்கும், அன்று இரவு தூக்கம் வரலாம். அதுவே போதுமான வேலை.

இனி உங்கள் அப்பா. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ‘அடுத்தவன் தலையைத் தொட்டா’ என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஊரில் முடி திருத்தியவர்களே புண்ணுக்கும் கட்டிக்கும் வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் மருத்துவச்சிகளாக வந்து நம் பாட்டிமாருக்குப் பிரசவம் பார்த்தார்கள், பிறந்த குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார்கள். தலையைத் தொட அவர்கள் வேண்டும், திண்ணையில் உட்கார அவர்கள் கூடாது என்று வைத்திருந்தோம். அந்தக் கணக்கு கப்பலேறி சிராங்கூன் ரோடு வரைக்கும் வந்து, மூன்று தலைமுறை கழிந்தும் உங்கள் அப்பா வாயில் இருக்கிறது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, என் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் மனம் நோகக் கூடாது என்று ‘இது வேற மாதிரி, டிப்ளோமா படிச்சுச் செய்றது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அப்பா சமாதானமானார். அந்தப் பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவர்கள் செய்த அதே வேலையைத்தான் நாம் செய்கிறோம், அவர்களிடமிருந்து வந்ததுதான் இது.

வகுப்பில் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். பயிற்சிக்குத் தலைகள் தேவைப்படும், அதில் ஒன்று என்னுடையதாக இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை ஈசூனுக்கு வருகிறேன். படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், என்னிடம் கேட்டு நிரப்புங்கள். எனக்கு ஆகாதது ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா