முதலில் கேஸ் ஷீட், அப்புறம்தான் புகார்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. சீழ் வைத்து, மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். காரணம் கேட்டால் பதில் இல்லை. பில்லை இன்சூரன்ஸ் கட்டியதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாதாம். 30,000 ரூபாய் கொடுத்தால் நஷ்டஈடு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படி வருகிறவர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். நிர்வாகத்திடம் தனியாகப் பேசி ஒரு தொகையை வாங்கிக்கொள்வார்கள். ‘இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாள் உங்கள் கையெழுத்தோடு அங்கே இருக்கும். அசல் பில்லையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை வைத்திருக்கும் முழு சிகிச்சைப் பதிவின் நகல் கேட்டு, அம்மா கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, நர்ஸ் எழுதிய சார்ட், சம்மதப் படிவம் எல்லாம் வேண்டும். கடிதத்தின் உங்கள் நகலில், பெற்றுக்கொண்டதாகச் சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிப்படி 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்களைக் குழப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனைதான் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. இன்சூரன்ஸ் கம்பெனி பில் கட்டினால் அது இலவச சிகிச்சை ஆகாது. பிரீமியம் கட்டியது நீங்கள். அந்தப் பணத்தில்தான் சிகிச்சை. 1995லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இன்னும் மக்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் வேதனை.

நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. டாக்டர் மீது நடவடிக்கைக்கு மருத்துவ கவுன்சில். அங்கே பணம் கிடைக்காது. மருத்துவமனையின் வசதிக் குறைகளுக்கு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். ஒரே வேதனையை மூன்று இடத்தில் மூன்று முறை எழுத வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தில் வாங்கிய புகாரை மற்ற இரண்டுக்கும் அவர்களே அனுப்பினால் என்ன? நோயாளியையா அலையவிடுவது?

கவுன்சில் முடிவு வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம்தான் கெடு. அதை முதல் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். சீழ் வைத்தது மட்டுமே கவனக்குறைவுக்கு ஆதாரம் ஆகாது. ஆகவே கேஸ் ஷீட் கைக்கு வந்ததும் வேறு ஒரு சர்ஜனிடம் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.