ரீஃபண்ட் கைக்கு வருமுன் பேச வேண்டியவை: அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரி, சேமிப்பு கேள்வி பதில்

11 வருடமாக, வரி தாக்கல் மாதங்களில், ஒரு நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறேன். வேலைக்குப் போயும் மாதக் கடைசியில் கை காய்ந்துபோகும் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொகைகள் 2025ஆம் வருட வருமானத்துக்கானவை.

அக்கா, நான் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளுடன் தனியாக இருக்கிறேன். வருடத்துக்கு 24,000 டாலர்தான் சம்பளம். வரியே வராது என்கிறார்கள். பிறகு எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும்?

வரி வராது என்பதற்காகத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நீங்கள் கட்டவேண்டிய வரி ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் அரசு உங்களுக்குத் தரவேண்டியது அப்படி இல்லை. 1975இல் வந்த இ.ஐ.டி.சி., அதாவது உழைப்பு வருமானத்துக்கான வரி வரவு, வரியைக் கழித்ததுபோக மீதியைப் பணமாகவே கையில் தரும். இரண்டு பிள்ளைகளுக்கு அதிகபட்சம் 7,152 டாலர். உங்கள் சம்பளத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 7,000 வரும். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான வரவில் இன்னும் 3,200 டாலருக்கு மேல் சேரும். இரண்டும் சேர்ந்து உங்கள் கைக்குத் திரும்பி வரும் பணம், அதாவது ரீஃபண்ட், 10,000 டாலரைத் தாண்டுகிறது. ஐந்து மாதச் சம்பளம்!

போன வருடங்களில் தாக்கல் செய்யாமல் விட்டீர்களா? மூன்று வருடம் வரை பின்னோக்கிப் போய்க் கேட்டு வாங்கலாம். அதற்குமேல் போனால் பணம் அரசுக்கே.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கும் உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். வயது 25 முதல் 64 வரை இருக்கவேண்டும், தனியாள் என்றால் வருமானம் 19,104 டாலருக்குள் இருக்கவேண்டும். அதிகபட்சம் 649 டாலர்.

கடையில் பாதிச் சம்பளம் ரொக்கமாகக் கிடைக்கிறது. அதைக் காட்டாமல் விட்டால் வரி மிச்சம்தானே?

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்கையே பார்ப்போம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு வருமானம் 17,880 டாலரை எட்டும்வரை, நீங்கள் காட்டும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் இ.ஐ.டி.சி. 400 டாலர் கூடுகிறது. ரொக்க வருமானத்தைச் சுயதொழிலாகக் காட்டி அதற்கு 15.3 சதவீத வரி கட்டினாலும் 1,000 டாலருக்கு 141 டாலர்தான் போகும். 141ஐ மிச்சம் பிடிக்கிறேன் என்று கிட்டத்தட்ட 400ஐத் தொலைக்கிறீர்கள். முதுமையில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கான வேலைக் கணக்கிலும் அந்த வருடங்கள் வெறுமையாகவே இருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வரவு கூடுதலாக வரட்டும் என்று இல்லாத தொழிலில் இல்லாத வருமானத்தை எழுதிவிடுகிறார்கள். பொறுப்பில்லாமல் பிழையாகக் கேட்டதாகத் தீர்மானித்தால் இந்த வரவைக் கேட்க இரண்டு வருடத் தடை, மோசடி என்றால் 10 வருடத் தடை. யாராவது "இன்னும் கொஞ்சம் ஏற்றி எழுதலாமா?" என்று கேட்டால் அந்த மேசையை விட்டு எழுந்துவிடுங்கள்.

செயலி மூலம் டாக்ஸி ஓட்டுகிறேன். 30,000 டாலர் வந்ததாகத் தாள் காட்டுகிறது. அவ்வளவு என் கையில் நிற்கவில்லை.

நிற்காதுதான். செலவு கழித்த பிறகு வருவதே உங்கள் வருமானம். தொழிலுக்காக ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட் கழிக்கலாம். 12,000 மைல் என்றால் 8,400 டாலர். அப்படிக் கழித்தால் பெட்ரோலையும் பழுதுபார்ப்பையும் தனியாகக் கழிக்கக்கூடாது. பார்க்கிங், சுங்கக் கட்டணத்தைத் தனியாகக் கழிக்கலாம். மைல் கணக்கை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் கணக்கு கேள்வி வந்தால் நிற்காது.

எனக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது. மனைவிக்கு ஐ.டி.ஐ.என். மட்டும், அந்த எண் பெற முடியாதவர்களுக்கான வரி எண். பையன் இங்கே பிறந்தவன்.

இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தால் இ.ஐ.டி.சி. கிடைக்காது. அதற்குக் கணவன், மனைவி, கணக்கில் காட்டும் பிள்ளை எல்லோருக்கும் வேலை செய்யத் தகுதியான எண் வேண்டும். பிள்ளைக்கான வரவு கிடைக்கும். அதற்குத் தம்பதியரில் ஒருவருக்கும் பிள்ளைக்கும் அந்த எண் இருந்தால் போதும்.

பிரிந்து வாழ்கிறோம். பிள்ளையை யார் காட்டுவது?

வருடத்தில் பாதிக்கு மேல் பிள்ளை யார் வீட்டில் தூங்கியதோ அவர். ஜீவனாம்சம் யார் கொடுக்கிறார் என்பது இதில் கணக்கே இல்லை. உங்களுக்குள் உடன்பட்டு, பிள்ளைக்கான வரவை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். இ.ஐ.டி.சி.யை அப்படிக் கைமாற்ற முடியாது.

வழக்கமாக ஒருவரிடம் போவேன். ரீஃபண்டிலேயே தன் கூலியை எடுத்துக்கொள்வார், முன்பணமும் உடனே தருவார். நல்ல வசதிதானே?

போன பிப்ரவரியில் ஓர் அம்மா வந்தார். மளிகைப் பை நிறையத் தாள்கள். முந்தைய வருடத் தாளைப் புரட்டினால், கூலி, "பண மாற்றக் கட்டணம்", "ஆவணக் கட்டணம்" என்று மூன்று வரிகளில் 480 டாலர் போயிருந்தது. தயாரித்தவர் கையெழுத்துப் போடவேண்டிய இடம் காலி. காசு வாங்கிக்கொண்டு நிரப்புகிறவர் கையெழுத்துப் போட்டுத் தன் பதிவு எண்ணையும் எழுதவேண்டும் என்பது விதி. போடாதவர், நாளை கடிதம் வந்தால் உங்களைத் தனியாக விட்டுவிடுவார் என்று பொருள். அந்த அம்மாவின் படிவத்தை நாங்கள் 50 நிமிடத்தில் முடித்தோம். கூலி எதுவும் இல்லை.

நாங்கள் செய்வது வீட்டா (VITA), அதாவது ஐ.ஆர்.எஸ். என்னும் அமெரிக்க வரித்துறையின் இலவச உதவித் திட்டம். 211 என்ற எண்ணை அழைத்தால் அருகிலுள்ள இடத்தைச் சொல்வார்கள். முன்பணத்துக்கு அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று: இ.ஐ.டி.சி. கேட்கும் ரீஃபண்ட் யாரிடம் போனாலும் பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் வெளிவராது, சட்டம் அப்படி. "எங்களிடம் வந்தால் ஜனவரியிலேயே" என்பவர் தருவது கடன்.

அக்கா, வருவது தெரிகிறது, போவது தெரியவில்லை. ஜூன் மாதம் மறுபடி கடன். எப்படித்தான் சேமிப்பது?

எனக்குச் சொல்ல வேண்டியது உண்மையில் இதுதான். மாதச் சம்பளத்தில் சேமிக்கச் சொல்லி உங்களுக்கு அறிவுரை கூறுகிறவர்கள் உங்கள் வாடகைச் சீட்டைப் பார்த்ததில்லை. உங்களால் சேமிக்க முடிந்த நாள் வருடத்தில் ஒன்றுதான், ரீஃபண்ட் வரும் நாள். அன்றைக்கு முடிவெடுக்க உட்கார்ந்தால் தாமதம். படிவம் நிரப்பும் அன்றே முடிவெடுங்கள்.

8888 என்று ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள மூன்று கணக்குகள் வரை ரீஃபண்டைப் பிரித்துப் போடச் சொல்லலாம். மேலே சொன்ன அம்மா முதல் வரியில் செலவுக் கணக்கை எழுதினார். இரண்டாவது வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். 300 என்று எழுதினார், அடித்தார், 500 என்று எழுதினார். "இது என் கையில் படாமலே போய்விடுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 800 ஆக்கினார். நவம்பரில் அவருடைய காரின் பிரேக் போனபோது அந்த 800தான் காப்பாற்றியது. அந்த மாதம் அவர் கடன் வாங்கவில்லை.

பணத்தை எந்த வரிசையில் பிரிப்பது என்று கேட்பீர்கள். வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி முதலில். அடுத்து 500 டாலராவது தொடாத கணக்கில். அதற்குப் பிறகு வட்டி அதிகமான கடன். "கடனை முழுக்க அடைத்துவிட்டுத்தான் சேமிப்பு" என்று இருப்பவர்கள் அடுத்த பழுதுக்கு மறுபடி அதே கடன்காரரிடம்தான் நிற்கிறார்கள். வங்கிக் கணக்கே இல்லையென்றால் "பேங்க் ஆன்" சான்று பெற்ற கணக்காகக் கேளுங்கள். 25 டாலருக்குள் திறக்கலாம், இருப்புக்கு மேல் எடுத்ததற்கான அபராதம் கிடையாது.

தெரிந்தவர்களிடம் சீட்டுக் கட்டுகிறேன். அது போதாதா?

சீட்டு நல்ல பழக்கம், ஒழுங்கைக் கற்றுத் தரும். ஆனால் சீட்டு பிடிப்பவர் ஊரை விட்டுப் போனால் கேட்க ஆள் இல்லை. காப்பீடு உள்ள வங்கியில் 2,50,000 டாலர் வரை அரசு பொறுப்பு. அவசரப் பணத்தைச் சீட்டில் போடாதீர்கள்.

சேமித்தால் உணவு உதவி நின்றுவிடுமா?

ரீஃபண்ட் பணம், இந்த வரவுகள் உட்பட, வருமானமாகக் கருதப்படாது. கையில் வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை சொத்துக் கணக்கிலும் சேராது. எஸ்.எஸ்.ஐ., அதாவது குறைந்த வருமான முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் தரும் அரசு உதவித்தொகை, வாங்குகிறவர்கள் மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அங்கே தனியாளுக்குச் சொத்து வரம்பு 2,000 டாலர்தான். 13ஆம் மாதம் மீதிப் பணம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஓய்வுக்காலத்துக்குச் சேமித்தால் வரி வரவு உண்டாமே?

உண்டு. ஓய்வூதியக் கணக்கில் போடும் 2,000 டாலர் வரையான தொகையில் பாதி வரைகூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் வரியைக் குறைக்க மட்டுமே உதவும், பணமாக வராது. வரியே இல்லாதவருக்கு இதனால் லாபம் எதுவும் இல்லை. ஏழைகளுக்கென்று சட்டம் எழுதிவிட்டு ஏழைகளை வாசலில் நிறுத்தியதுபோல எனக்கு எப்போதும் தோன்றும். 2027 முதல் இது மாறுகிறது. அரசின் பங்கு உங்கள் ஓய்வூதியக் கணக்கிலேயே போடப்படும், அதிகபட்சம் 1,000 டாலர். போட நினைத்தால் ராத் ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கைப் பாருங்கள், நீங்கள் போட்ட முதலை எப்போது வேண்டுமானாலும் அபராதமின்றி எடுக்கலாம்.

ஐ.ஆர்.எஸ்.இலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிள்ளை என்னோடு இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பயமாக இருக்கிறது.

மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். பள்ளியிடமும் மருத்துவரிடமும் பிள்ளையின் பெயர், உங்கள் முகவரி, தேதி மூன்றும் உள்ள கடிதம் வாங்குங்கள். நகலை அனுப்புங்கள், அசலை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானத்தினருக்கான வரிச் சட்ட உதவி மையங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ உங்களுக்காகப் பேசும். கடிதத்தில் பதில் தரவேண்டிய கடைசித் தேதி என்ன?