180 எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு கோணத்தை இருசமவெட்டி பிரிக்கிறது. இடக் கோணம் 4க − 6, வலக் கோணம் 2க + 20. முழுக் கோணம் எவ்வளவு என்பது கணக்கு. இரண்டையும் கூட்டி 180 என்று போட்டாள். தவறு என்று வந்துவிட்டது. எங்கே பிசகினாள்? டியூஷன் வைக்க வேண்டுமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: சமன்பாட்டைத் தீர்ப்பதில் உங்கள் மகள் பிசகவில்லை. எந்தச் சமன்பாட்டை எழுதுவது என்பதில்தான் பிசகினாள். (பாடநூலில் உள்ள ஆங்கில எழுத்துக்குப் பதிலாக 'க' என்று நீங்கள் எழுதியதில் குற்றமில்லை, எழுத்து மாறினால் கணக்கு மாறாது.)

நேர்க்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமையும் இரு கோணங்களின் கூடுதல் 180. அந்தப் பாடம் மனத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கோணங்களைக் கண்டவுடன் கை தானாக 180 எழுதுகிறது. இருசமவெட்டியோ கூடுதலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரண்டும் சமம் என்பது மட்டுமே அது தரும் செய்தி.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும்போது, சுவாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் முன் மகளை நிறுத்திக் காட்டுங்கள். ஒரே அகலமுள்ள இரண்டு பட்டைகள் சேரும் மூலையில் சாய்வாக ஒரு கோடு ஓடும். மூலை 90 பாகை. கோட்டுக்கு இருபுறமும் 45. ஒரு பட்டையை 44 பாகையிலும் மற்றதை 46 பாகையிலும் அறுத்தாலும் கூடுதல் 90தான். ஆனால் வெட்டுமுகங்கள் ஒரே நீளத்தில் இருக்கமாட்டா. 2 அங்குலப் பட்டையில் ஏறக்குறைய பத்தில் ஒரு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். கூடுதல் சரியாக இருந்தும் சட்டம் கோணல்!

இப்போது கணக்கு. 4க − 6 = 2க + 20. எனவே 2க = 26, க = 13. பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். 13 என்பது கோணமே அல்ல. அதை இருபுறமும் பொருத்தினால் இடம் 52 − 6 = 46, வலம் 26 + 20 = 46. முழுக் கோணம் 92 பாகை.

மகளின் வழியில் க ஏறக்குறைய 27.67 வந்திருக்கும். அதைப் பொருத்தினால் ஒரு பாதி 104.67, மறுபாதி 75.33. பாதிகள் இரண்டும் ஒன்றாக இல்லையே என்று அவளே பிடித்திருக்கலாம், பொருத்திப் பார்க்கவில்லை.

தேர்வில் வேறொரு வடிவமும் வரும்: முழுக் கோணம் 7க − 8, அதன் பாதி 3க + 5. இங்கே பாதியை இரட்டிக்க வேண்டும்: 2(3க + 5) = 7க − 8. அடைப்புக்குறியை மறந்து 6க + 5 என்று எழுதுவதுதான் இதில் வழக்கமான சறுக்கல். சரியாகப் பெருக்கினால் 6க + 10 = 7க − 8, க = 18; பாதி 59, முழுமை 118.

180க்கும் இடமுண்டு. நேர்க்கோட்டின் மேலுள்ள அந்த இரு கோணங்களையும் தனித்தனியே இருசமவெட்டியால் பிரித்தால், வெட்டிகளுக்கு இடைப்பட்ட கோணம் எப்போதும் 90. ஏனென்றால் அது 180இன் பாதி. இதை மகளையே நிறுவச் சொல்லுங்கள். நான்கு வரிகளில் முடித்துவிட்டால் டியூஷன் பணம் மிச்சம்.